கோயிலுக்குப் போகிறார், ஆனாலும் தனிமை என்கிறார்

முதியோர் நலம்: வாசகர் கேள்வி – பதில்

முதுமையில் வரும் தனிமையைப் பற்றி எழுதுமாறு சென்ற மாதம் வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என ஏதேனும் ஒரு வழிபாட்டு இடத்தைத் தொட்டே பேசியதால், இந்த இதழில் அத்தகைய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதி வெளியிடவில்லை.

*கேள்வி: என் தாயாருக்கு வயது 72. அப்பா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். காலையும் மாலையும் கோயிலுக்குப் போகாத நாளில்லை. பிரதோஷம், கிருத்திகை எதையும் விடுவதில்லை. ஆனாலும் இரவில் தொலைபேசியில் பேசும்போது, "பேச ஒரு மனுஷர் இல்லையே" என்று அழுகிறார். பக்தி உள்ளவர்களுக்குத் தனிமை தெரியாது என்கிறார்களே, அம்மாவுக்கு மட்டும் ஏன் இப்படி? – வாசகி, பெங்களூரு*

பதில்: சகோதரி, உங்கள் தாயாரின் பக்தியில் குறை ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் இப்படி அழும் முதியவர்களிடம், "இன்னும் நன்றாகச் சாமியைக் கும்பிடுங்கள், எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். தம் பக்தி போதவில்லை போலிருக்கிறது என்ற குற்ற உணர்வும் அப்போது அழுகையோடு சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். கணவர், மனைவி, உயிர்த்தோழி என்று மனத்தைத் திறந்து கொட்டக்கூடிய ஒருவர் இல்லாமல் போவதால் வருவது ஒரு வகை. அக்கம்பக்கம், உறவுக்கூட்டம், உடன் வேலை பார்த்தவர்கள் என்ற வட்டம் இல்லாமல் போவதால் வருவது மற்றொரு வகை. ஒன்று இல்லாத குறையை மற்றொன்றால் ஈடுசெய்ய முடியாது என்பது அவர் சொன்னதில் முக்கியமான செய்தி. உங்கள் தாயாருக்கு இரண்டும் ஒருசேர வந்திருக்கக்கூடும். அப்பா இருந்த இடத்தை எந்தக் கூட்டமும் நிரப்பப் போவதில்லை. அந்தத் துக்கத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தினம் இருவேளை கோயிலுக்குப் போகிறவருக்கு இரண்டாவது வகைத் தனிமையாவது குறைந்திருக்க வேண்டுமே, அது ஏன் குறையவில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு பிரதோஷ மாலையை நினைத்துப் பாருங்கள். நாலரை மணிக்கு நந்திக்கு அபிஷேகம் தொடங்குகிறது. பால், தயிர், சந்தனம் என்று ஒவ்வொன்றாக நடக்க நடக்கக் கூட்டம் முன்னால் நெருக்குகிறது. எல்லாருடைய பார்வையும் ஒரே திசையில் இருக்கிறது. தீபாராதனை ஆனதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ரிஷப வாகனத்தில் சுவாமி பிரகாரம் சுற்றி வருகிறார், பின்னாலேயே அனைவரும் சுற்றுகிறார்கள். பிறகு தொன்னையில் சுண்டலோ தயிர்சாதமோ வாங்கிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். உங்கள் தாயார் இரண்டு மணி நேரம் நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்திருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் வாய்திறந்து பேசியது, "கொஞ்சம் நகருங்கோம்மா, தெரியலை" என்ற ஒரு வாக்கியமாக இருந்திருந்தால் வியப்பதற்கில்லை.

நம் கோயில் வழிபாடு பெரும்பாலும் தனி ஒருவர் தெய்வத்தோடு வைத்துக்கொள்ளும் உறவாக அமைந்திருக்கிறது. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள்; சங்கல்பம் முடிந்ததும் அந்தப் பெயர் மறந்துபோகும். பத்து நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் கடமை யாருக்கும் இல்லை. எவரும் எப்போதும் வந்து போகலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்ற இந்தத் தாராளத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் கூட்டத்துக்குள் ஒருவர் ஆண்டுக்கணக்கில் முகம் தெரிந்தும் பெயர் தெரியாதவராக இருந்துவிடவும் இதே அமைப்பு இடம் தருகிறது. சயூன் லிம், ராபர்ட் புட்னம் ஆகிய இருவரும் அமெரிக்காவில் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். தவறாமல் வழிபாட்டுக்குச் செல்கிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதற்கு, அந்த வழிபாட்டுக் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கும் நண்பர்களே பெரிய காரணம் என்று அவர்கள் கண்டார்கள். வாரம் தவறாமல் சென்றும் அங்கே நெருங்கிய நண்பர் எவரும் இல்லாதவர்களிடம் அந்தக் கூடுதல் நிறைவு தென்படவில்லை. அந்த ஆய்வு பெரும்பாலும் தேவாலயம் செல்வோரைப் பற்றியதுதான் என்றாலும், உங்கள் தாயாரின் அழுகைக்கு அதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தினம் இன்னும் ஒரு வேளை கூடுதலாகக் கோயிலுக்குப் போகச் சொல்வதால் பயனில்லை. அங்கே அவருக்கு ஒரு வேலையும், வாரந்தோறும் பார்க்கும் அதே நான்கைந்து முகங்களும் கிடைக்க வேண்டும். கும்பகோணம் போன்ற ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. திருவாசக முற்றோதல் நடத்தும் குழுக்கள் இருக்கின்றன. ஒரு நாள் முழுவதும் வட்டமாக அமர்ந்து ஓதி, நடுவில் சேர்ந்து சாப்பிட்டு, மாலையில் பிரிவார்கள். கோயில்களைத் துப்புரவு செய்யும் உழவாரப் பணிக்குச் செல்லும் அடியார் கூட்டங்கள் இருக்கின்றன. 72 வயதில் புல் செதுக்க முடியாவிட்டாலும் விளக்குத் துலக்கலாம், திரி திரிக்கலாம். காலையில் சுவாமிக்குப் பூத்தொடுக்கும் இடத்தில் கூடுதலாக இரண்டு கைகளை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 2002 முதல் பல கோயில்களில் நடந்துவரும் அன்னதானத் திட்டத்தில், காய்கறி நறுக்கவும் இலை போடவும் உள்ளூர்ப் பெண்கள் உதவும் இடங்களும் உண்டு. பூத்தொடுக்கும் இடத்தில் கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்யும். மருமகள் பேச்சு, முழங்கால் வலி, நேற்றைய மழை என்று எல்லாம் அங்கே வந்துபோகும். ஒருநாள் இவர் வராவிட்டால் பூ கட்டி முடியாது, அதனால் யாராவது கேட்பார்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவோடு நீங்களும் கோயிலுக்குச் செல்லுங்கள். அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில், பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் நீங்களே பேச்சுக் கொடுங்கள். வீடு எங்கே என்று கேட்டு, இருவருடைய எண்களையும் ஒருவர் கைப்பேசியில் மற்றவருடையதாகப் பதிந்துகொடுத்துவிடுங்கள். கணவரோடு சேர்ந்தே ஐம்பது ஆண்டுகள் வெளியே சென்றுவந்த ஒரு பெண்ணுக்கு, 72 வயதில் தானாகப் போய் ஒருவரிடம் பழகத் தொடங்குவது எளிதான காரியமல்ல. அந்தக் கூச்சத்தை உடைக்க மகள் துணை வேண்டும். இரவு தொலைபேசியில், "சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா" என்பதோடு, "இன்று யாரைப் பார்த்தாய், அவர் என்ன சொன்னார்" என்றும் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். வீட்டு அமைதியில் தொலைபேசியில் தெளிவாகப் பேசுகிறவர்கூட, மேளமும் மணியும் முழங்கும் மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்வது விளங்காமல் வெறுமனே சிரித்துத் தலையாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வதுண்டு. முதுமையில் தனிமைக்கு இது ஒரு பெரிய காரணம். நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தூக்கம், பசி இரண்டும் வாரக்கணக்கில் கெட்டு, கோயிலுக்குப் போகவே மனமில்லை என்று அவர் சொல்லத் தொடங்கினால், அதைத் தனிமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

*கேள்வி: என் கணவர் இருந்தவரை எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி வெள்ளித் திருவிளக்குப் பூஜைக்கு வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்து, முதல் வரிசையில் உட்கார்ந்து பூஜை செய்தவள் நான். அவர் மறைந்த மறு ஆண்டிலிருந்து, "அக்கா, நீங்க ஓரமா உட்கார்ந்து பாருங்க" என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாகக் கோயிலுக்கே போகவில்லை. வீட்டில் விளக்கேற்றவும் மனம் வரவில்லை. – பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்*

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. துணையை இழந்த ஒரு பெண்ணுக்கு மனிதர்கள் மிக அதிகமாகத் தேவைப்படும் காலத்தில், அவர் நாற்பது ஆண்டு கட்டிக்காத்த வட்டத்திலிருந்தே அவரை மரியாதையான சொற்களால் வெளியே உட்காரவைக்கிறோம். மத ஈடுபாடு முதியோரின் தனிமையைக் குறைக்கிறது என்று பொதுவாகப் பேசுகிறவர்கள், எந்த முதியோரின் தனிமையை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவியை இழந்த ஆணிடம் எந்தக் கோயில் குழுவும், "இனி நீங்கள் தர்மகர்த்தாவாக இருக்க வேண்டாம்" என்று சொல்வதில்லை.

சட்டத்தின் நிலை தெளிவானது. ஈரோடு மாவட்டத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் நுழையவிடாமல் தடுத்த வழக்கில், இத்தகைய தடையைச் சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் அனுமதிக்க முடியாது என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் உங்களை யாரும் வாசலில் நின்று தடுக்கவில்லை; ஓரமாக உட்காரச் சொல்கிறார்கள். இதற்கு நீதிமன்றம் போக முடியாது, தெருவுக்குள்ளேயே பேசித்தான் தீர்க்க வேண்டும். உங்களோடு அந்த ஓரத்தில் இன்னும் சிலர் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களோடு முதலில் பேசுங்கள். ஐந்து பேர் ஒரே வரிசையில் ஆளுக்கொரு விளக்கோடு உட்கார்ந்தால், எழுந்து போகச் சொல்லும் துணிவு பெரும்பாலும் யாருக்கும் வராது. சுமங்கலிப் பூஜை என்ற பெயரை மாற்றி, உலக நலனுக்கான விளக்கு வழிபாடு என்று எல்லாப் பெண்களையும் உட்காரவைக்கும் இடங்களும் இருக்கின்றன. குழுவில் உள்ள இளம்பெண்கள் ஒருவரிருவரிடம் உங்கள் மனத்தைச் சொல்லிப் பாருங்கள். பலர் வழக்கம் என்று நினைத்துச் செய்கிறார்களே தவிர, உங்களைப் புண்படுத்துகிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தெரு மாறும்வரை நீங்கள் காத்திருக்கவும் வேண்டாம். மேல்மருவத்தூர் மரபைச் சேர்ந்த வழிபாட்டு மன்றங்களில் பெண்களே முன்னின்று பூஜை செய்கிறார்கள். பல ஊர்களில் அம்மன்றங்கள் உண்டு. வீட்டில் விளக்கேற்ற மனம் வராதது பற்றிக் கவலைப்படாதீர்கள். அம்மன் மீதா, அந்த வரிசையில் இருந்தவர்கள் மீதா உங்கள் வருத்தம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டால் போதும். விளக்கு தானாக வரும்.

*கேள்வி: நான் 68 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமை முதல் பகுத்தறிவுக் கொள்கையில் வாழ்ந்தவன். சென்ற ஆண்டு மனைவி காலமானார். "கோயிலுக்கு வாய்யா, மனசு லேசாகும்" என்று நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். நம்பிக்கை இல்லாதவனுக்கு முதுமையில் துணை கிடையாதா? – வாசகர், சேலம்*

பதில்: ஐயா, உண்டு. நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 57 முதல் 85 வயது வரையிலான அமெரிக்க முதியோரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வழிபாட்டுக்குத் தவறாமல் செல்வோரிடம் தனிமை குறைவாக இருப்பதற்கு, அதன்வழியாக அவர்களுக்குக் கிடைக்கும் மனிதத் தொடர்பும் ஆதரவும் வழிவகுப்பதைக் காட்டியது. அப்படியானால், குறித்த நாள், அதே முகங்கள், செய்வதற்கு ஒரு பணி என்ற மூன்றும் இருக்கும் எந்த இடத்திலும் அதில் பெரும்பகுதி கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வழிபாட்டுக்குச் செல்வோர் நலமாக இருக்கிறார்கள் என்பதில், நலமாக இருப்பவர்களால்தான் செல்ல முடிகிறது என்பதும் கலந்திருக்கிறது. படுக்கையில் இருப்பவரும், பேருந்துக்குக் காசில்லாதவரும் அந்தக் கணக்கில் ஏற்கனவே மறுபக்கம் போய்விடுகிறார்கள். "போனால் சரியாகும்" என்று உறுதி சொல்லும் நண்பர்களுக்கு இதையும் சொல்லலாம்.

உங்கள் இயக்கத்தின் வரலாறே உங்களுக்கு வழிகாட்டும். 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் கொள்கையை மட்டும் பேசி நிற்கவில்லை; படிப்பகம், பொதுக்கூட்டம், சுயமரியாதைத் திருமணம் என்று மனிதர்கள் கூடுவதற்கான இடங்களையும் தருணங்களையும் உண்டாக்கியது. சேலத்தில் நூலக வாசகர் வட்டங்கள் இருக்கின்றன, ஓய்வூதியர் சங்கங்கள் இருக்கின்றன. ஆசிரியராக இருந்தவர், வாரம் மூன்று மாலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கோ தமிழோ சொல்லிக்கொடுக்கலாம். வெறும் உறுப்பினராகச் சேராமல் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறார்கள் என்றால், 14 கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடப்பதற்கு நீங்களும் போகலாம். சன்னிதிக்குள் போவதும் வெளியே தேநீர்க் கடையில் காத்திருப்பதும் உங்கள் விருப்பம். "கோயிலுக்கு வா" என்று அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல், "எங்களோடு வா" என்பதுதான் இருக்கிறது.

*கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. பக்கவாதம் வந்து ஓராண்டாக வீட்டோடு இருக்கிறார். அதற்குமுன் தினமும் காலைத் திருப்பலி தவறியதில்லை. இப்போது தொலைக்காட்சியில் திருப்பலி பார்க்கிறார், ஆனால் முடிந்ததும் அழுகிறார். "ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார், ஏதோ பாவத்துக்குத் தண்டனை" என்கிறார். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறேன். – வாசகி, தூத்துக்குடி*

பதில்: மகளே, உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். இறைவன் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்களுக்கு நோயில் வருவது புதிதல்ல. யோபு நூலும் திருப்பாடல்களும் இந்த முறையீட்டால் நிரம்பியவை என்பதை உங்கள் மாமியாரே அறிவார். "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது, பாவம்" என்று வாயை அடைத்தால் அந்த எண்ணம் உள்ளேயே தங்கிவிடும். சமயமும் மன நலமும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட், நோயுற்ற முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இறைவனால் தண்டிக்கப்பட்டோம், கைவிடப்பட்டோம் என்ற தவிப்பு உடல்நலத்தோடும் தொடர்புடையது என்று காட்டினார். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. மருந்தைக் கவனிப்பதுபோல இந்தத் தவிப்பையும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

பங்குத்தந்தைக்குத் தெரியப்படுத்துங்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள். ஞாயிறு தோறும் நூற்றுக்கணக்கான முகங்களைப் பார்க்கிறவருக்கு ஒரு முகம் வராதது தெரியாமல் போயிருக்கலாம். வீட்டோடு இருக்கும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவதும், எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் அளிப்பதும் திரு அவையின் வழக்கமான பணிகள். அவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. இதைவிடப் பயனுள்ள இன்னொரு வழியும் உங்கள் பங்கிலேயே இருக்கக்கூடும். 1921இல் டப்ளின் நகரில் தொடங்கிய மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பில், உறுப்பினர்கள் வாரந்தோறும் கூடி, இருவர் இருவராகப் பிரிந்து வீடுகளைச் சந்திக்கச் செல்வது முக்கியப் பணி. 1833இல் பாரிசில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபைக்கும் வீட்டுச் சந்திப்புதான் அடிப்படை. உங்கள் தெருவின் அன்பியக் கூட்டத்தை, அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தை, மாதம் ஒருமுறை உங்கள் வீட்டிலேயே, மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நடத்தக் கேளுங்கள். செபமாலையில் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியை அவரே தொடங்கட்டும். பேச்சு குழறினாலும் யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

தொலைக்காட்சித் திருப்பலியை நிறுத்த வேண்டாம். 2020இல் வழிபாட்டு இடங்கள் மூடிக்கிடந்த மாதங்களில் அது பலருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் அதில் சமாதானம் கூறும் நேரம் வரும்போது, திரும்பி வணக்கம் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை. ஞாயிறு ஒருநாளாவது வீட்டில் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பார்த்து, அந்த வணக்கத்தைச் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது மிகவும் பொதுவானது. மூளை பாதிக்கப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த மருத்துவச் சந்திப்பில் இந்த அழுகையைத் தவறாமல் சொல்லுங்கள். இடையில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடமும், 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

*கேள்வி: என் தந்தை 75 வயதிலும் ஐவேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறார்; அங்கே அவருக்குத் தோழர்கள் இருக்கிறார்கள். என் தாயாரும் ஐவேளை தொழுகிறார், ஆனால் வீட்டில், தனியாக. அவருடைய தனிமையை யாரும் கவனிப்பதாகவே தெரியவில்லை. – வாசகி, வேலூர்*

பதில்: சகோதரி, ஒரே வீட்டில், ஒரே நம்பிக்கையில் வாழும் இருவரிடம் நீங்கள் கண்டிருக்கும் இந்த வேறுபாடு பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் தந்தை இரண்டு வேளை வராவிட்டால் மூன்றாவது வேளைக்குள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். நோயாளியைப் போய் விசாரிப்பதை ஒரு கடமையாகவே வைத்திருக்கும் மார்க்கம் அது. அந்த விசாரிப்பு பெண்களையும் எட்ட வேண்டும். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. அவர்கள் அங்கே கூடி ஓதுகிறார்கள், ஒருவரை ஒருவர் அறிந்திருக்கிறார்கள். உங்கள் ஜமாஅத்தில் பெண்களுக்கான தொழுகை இடமோ, வாராந்தரக் குர்ஆன் வகுப்போ இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தாயாரின் வீட்டுக் கூடத்திலேயே வாரம் ஒருநாள் மாலை நேர அஸர் தொழுகைக்குப் பின் நாலைந்து வீட்டுப் பெண்கள் கூடலாம். தேநீர் வைப்பது, யாரை அழைப்பது என்பதையெல்லாம் தாயாரின் பொறுப்பில் விடுங்கள். ரமலான் மாத இரவுகளில் நடக்கும் தராவீஹ் தொழுகைக்குப் பெண்களுக்கு இடம் தரும் பள்ளிகள் பல. அந்த முப்பது இரவுகளில் உண்டாகும் பழக்கம் ஆண்டு முழுவதும் நீடிக்க வழிசெய்ய முடியும்.

*கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் என் அப்பா, ஓர் ஆன்மிக அமைப்பில் சேர்ந்து ஓய்வூதியத்தில் பெரும்பகுதியைப் பரிகாரம், காணிக்கை என்று அனுப்புகிறார். கேட்டால் சண்டை வருகிறது. – வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: தம்பி, அந்த அமைப்பிலிருந்து அப்பாவுக்குத் தினமும் தொலைபேசி வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வரும். "ஐயா, சாப்பிட்டீங்களா, முதுகுவலி எப்படி இருக்கு" என்று ஒருவர் கேட்டிருப்பார். அப்பா காணிக்கை அனுப்புவது ஓரளவு அந்தக் குரலுக்காக. எனவே, "ஏமாற்றுக்காரர்கள்" என்று திட்டினால், தன்னை விசாரிக்கும் ஒரே மனிதரையும் மகன் பறிக்கிறான் என்றுதான் அவருக்குப் படும்.

முதலில் அந்த இடத்தை நீங்கள் நிரப்புங்கள்: தினம் குறித்த நேரத்தில் அழையுங்கள், மாதம் ஒருமுறை நேரில் போங்கள், உள்ளூர்க் கோயில் திருப்பணியில் அவருக்கு ஒரு பொறுப்பு கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். பிறகு பணத்தைப் பற்றி நிதானமாகப் பேசலாம். மாதம் இவ்வளவுதான் தர்மத்துக்கு என்று அவரே ஒரு தொகையை வைத்துக்கொள்ளட்டும், ரசீது கேட்கட்டும். ரசீது தர மறுக்கிறவர்களும், "வீட்டில் சொல்லாதீர்கள்" என்கிறவர்களும், பரிகாரம் செய்யாவிட்டால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று பயமுறுத்துகிறவர்களும் யாராக இருந்தாலும் அவர்களிடமிருந்து அப்பாவைக் காப்பது உங்கள் கடமை. மிரட்டிப் பணம் வாங்குவது குற்றம். காவல்துறையில் புகார் தரத் தயங்காதீர்கள்.

*கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கிறேன். வயதானவர்கள் வருவது குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் என்ன செய்யலாம்? – வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்*

பதில்: ஐயா, 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள், இன்று அந்த விகிதம் இன்னும் கூடியிருக்கும். ஊரில் முதியவர்கள் பெருகும்போது கோயிலில் அவர்கள் குறைகிறார்கள் என்றால், வர முடியாமல் இருக்கிறார்கள் என்று பொருள். முதலில் உங்கள் கோயிலின் படிகளை ஒரு 80 வயதுக்காரரின் முழங்காலோடு ஏறிப் பாருங்கள். கோபுர வாசல் நிலைப்படியில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? மண்டபத்தில் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு முதுகு சாயும் நாற்காலிகள் பத்துப் போட முடியுமா? பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா? இது இல்லாத காரணத்தாலேயே பிரதோஷத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்ட சர்க்கரை நோயாளிகள் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். மாலை வழிபாடு முடிந்து இருட்டில் திரும்பும் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது பெயர்கள். வழக்கமாக வரும் முதியவர்களின் பெயர், தெரு, தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்கள் சம்மதத்தோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு பிரதோஷம் வராதவரை யாராவது அழைத்துப் பேசட்டும். உடம்புக்கு முடியாதவர் வீட்டுக்கு விபூதியும் பிரசாதமும் கொண்டுபோய்க் கொடுத்து, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். கல்லூரிப் பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். தேவாலயங்களில் நெடுங்காலமாக இருக்கும் இந்த வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

இந்து சமய அறநிலையத் துறை 2024இல் தொடங்கிய அறுபடை வீடு இலவச ஆன்மிகப் பயணம் நல்ல திட்டம். ஆனால் அது 60 முதல் 70 வயது வரையிலானவர்களுக்கானது. எழுபதைத் தாண்டியவர்களுக்கும், நெடும்பயணம் தாங்காதவர்களுக்கும் உங்கள் குழுவே ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேன் வைத்து அரை நாளில் போய்த் திரும்பும் தலத்துக்கு அழைத்துச் செல்லலாம். மயிலாடுதுறைப் பக்கத்தில் அத்தகைய தலங்களுக்கா குறைவு! துணைக்கு இரண்டு இளைஞர்களை அனுப்புங்கள். கணவரை இழந்த பெண்களை முதல் பட்டியலிலேயே சேருங்கள்.

நன்கொடை வசூலையும் இந்த வேலையையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். நலம் விசாரிக்க அழைக்கிறவர் திருப்பணி நிதி பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்பதை முதல் நாளிலேயே குழுவின் விதியாக எழுதி வைத்துவிடுங்கள்.